ஹைட்ரஜன் நீர்க் கூஜா: செய்வதும் செய்யாததும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் வாழும் மகாராஜபுரத்து மக்களுக்குத் தண்ணீரின் அருமையை எவரும் எடுத்துக் கூற வேண்டியதில்லை. மலையில் மழை பெய்தால் பிளவக்கல் அணை நிறையும். அணை நிறைந்தால் கண்மாய் பெருகும். கண்மாய் பெருகினால் கிணறு ஊறும். இராஜபாளையத்தாருக்கு ஆறாவது மைல் நீர்த்தேக்கம் எத்தகைய செல்வமோ அத்தகைய செல்வம் நமக்கு இம்மலை. ஆயினும் கிழக்கே கரிசல் மண்ணை நோக்கிச் செல்லச் செல்லக் கிணற்று நீரில் உப்பு ஏறுவதையும் நாம் அறிவோம். முன்பெல்லாம் தண்ணீர் கிடைக்குமா என்பதே வீட்டுக் கவலையாக இருந்தது. இன்றோ, எந்தத் தண்ணீரைக் குடிப்பது என்பதும் அதனோடு சேர்ந்துகொண்டது. குழாய்த் தண்ணீர், கேன் தண்ணீர், எதிர்ச் சவ்வூடு பரவல் இயந்திரத்தில் வடித்த தண்ணீர் என்ற வரிசையில் அண்மையில் வந்து சேர்ந்திருப்பது ஹைட்ரஜன் தண்ணீர்.

இதனைத் தயாரிக்க விற்கப்படும் கருவி பார்ப்பதற்குக் கைப்பிடியுள்ள ஒரு கூஜாவைப் போன்றதே. அடியில் ஒரு மின்கருவி. மேலே ஒன்றரை அல்லது இரண்டு லிட்டர் நீர் பிடிக்கும் பாத்திரம். பொத்தானை அழுத்தினால் அடியிலிருந்து நுண்ணிய குமிழிகள் புகைபோல் மேலெழும். சில நிமிடங்களில் தண்ணீர் ஆயத்தம். சர்க்கரை, இரத்தக் கொதிப்பு, மூட்டுவலி அனைத்துக்கும் இது நல்லது என்று சொல்லி விற்பவர்களும் உண்டு. கூலி வாங்கும் ஒரு குடும்பம் இதனை வாங்க வேண்டுமானால் பல நாள் உழைப்பை ஈடாகத் தர வேண்டியிருக்கும். ஆகவே இக்கூஜா எதைச் செய்கிறது, எதைச் செய்வதில்லை என்பதை வேதியியல் கொண்டு ஆராய்வது பயனுள்ளதாகும்.

நீரில் ஏற்கனவே ஹைட்ரஜன் இல்லையா?

பள்ளியில் படித்த எவருக்கும் முதலில் எழும் ஐயம் இதுதான். நீரின் ஒவ்வொரு மூலக்கூறிலும் இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள் உள்ளனவே. பிறகு ஏன் அதில் ஹைட்ரஜனைச் சேர்க்க வேண்டும்? நியாயமான கேள்வி. நீரிலுள்ள ஹைட்ரஜன் ஆக்சிஜனுடன் இறுகப் பிணைந்தது. அது தனி வாயு அன்று. ஹைட்ரஜன் நீர் என்று சொல்லப்படுவதில், தனித்த ஹைட்ரஜன் வாயு நீரில் கரைந்து நிற்கிறது. சோடாவில் கரியமில வாயு கரைந்திருப்பதைப் போல என்று கொண்டால் விளங்கும். சோடாவில் சுருக்கென்ற சுவை உண்டு; ஹைட்ரஜனுக்கு நிறமோ மணமோ சுவையோ கிடையாது. நீரின் கார அமிலத் தன்மையையும் அது மாற்றுவதில்லை. "கார நீர்" என்று விற்கப்படுவதும் இதுவும் ஒன்றல்ல என்பதை இங்கேயே குறித்துக்கொள்வது நல்லது.

கூஜா இயங்கும் முறை

எரியும் தன்மையுள்ள தனி வாயுவாக ஹைட்ரஜனை 1766இல் இங்கிலாந்து நாட்டின் காவெண்டிஷ் ஆராய்ந்து அறிவித்தார். 1800இல் நிக்கல்சன், கார்லைல் ஆகிய இருவரும் நீரில் மின்சாரத்தைச் செலுத்தி அதனை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரித்துக் காட்டினர். நம் ஆய்வகத்தில் செய்து பார்க்கும் அதே மின்பகுப்புதான் கூஜாவின் அடியிலும் நடைபெறுகிறது.

எதிர்மின்வாயில் ஹைட்ரஜன் தோன்றும்; நேர்மின்வாயில் ஆக்சிஜன் தோன்றும். மின்வாய்கள் பெரும்பாலும் பிளாட்டினம் பூசிய டைட்டானியத்தால் ஆனவை. நல்ல அமைப்புள்ள கருவிகளில் இரு மின்வாய்களுக்கும் இடையே நேர்மின் ஹைட்ரஜன் அயனிகளை மட்டும் கடத்தும் ஒரு பலபடிச் சவ்வு உண்டு. அதன் உதவியால் ஹைட்ரஜன் குடிக்கும் நீருக்குள்ளும், ஆக்சிஜனும் பிறவும் தனித் துளை வழியே வெளியேயும் செல்கின்றன.

இச்சவ்வு வெறும் ஆடம்பரம் அன்று. நம் பகுதி நீரில் குளோரைடு உப்புகள் உள்ளன. நேர்மின்வாயில் அவை குளோரினாக மாறக்கூடும். சில வேளைகளில் ஓசோனும் தோன்றும். சவ்வும் தனிப் போக்கும் இல்லாத மலிவான கருவியில் இவை குடிக்கும் நீரிலேயே கலந்துவிடும். கருவியை ஓட்டியபின் நீரில் குளோரின் நெடி அடித்தால் அந்த நீரைக் குடிக்காமல் கொட்டிவிடுவதே அறிவுடைமை.

மின்சாரமே இல்லாமல் மக்னீசியக் குச்சியை நீரில் இட்டு ஹைட்ரஜன் பெறும் முறையும் உண்டு. மக்னீசியம் நீருடன் வினைபுரிந்து ஹைட்ரஜனை விடுவிக்கும். அப்போது மக்னீசியம் ஹைட்ராக்சைடும் உண்டாவதால் நீர் சற்றுக் காரத்தன்மை அடையும். சிறுநீரக நோயாளிகள் மருத்துவரைக் கேளாமல் இம்முறையை நாடலாகாது.

எவ்வளவு கரையும்?

விளம்பரத் தாளில் பெரிய எண்களைக் கண்டால் நாம் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு வாயு நீரில் கரையும் அளவு அதன் அழுத்தத்தைப் பொறுத்தது என்பது ஹென்றியின் விதி. சாதாரண வளிமண்டல அழுத்தத்தில், தூய ஹைட்ரஜனை எவ்வளவு நேரம் செலுத்தினாலும், ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 1.6 மில்லி கிராமுக்கு மேல் கரைந்து நிலைக்காது. நம் ஊர்க் கோடையில் நீர் சூடேறியிருந்தால் அது இன்னும் சற்றுக் குறையும்.

1.6 மில்லி கிராம் ஹைட்ரஜனின் பருமன் சுமார் 19 மில்லி லிட்டர். இருமல் மருந்துப் புட்டியின் மூடியில் இரண்டு மூடி அளவு. ஒரு முழு லிட்டர் நீரைக் குடித்தாலும் உள்ளே செல்லும் ஹைட்ரஜன் இவ்வளவுதான். மூடி இறுக்கமில்லாத கூஜாவுக்கு இதற்கு மேற்பட்ட அளவு கூறப்பட்டால், ஹென்றியின் விதியை நினைவுபடுத்திக் கேள்வி கேட்கலாம். இறுக மூடி அழுத்தம் ஏற்றும் சிறு குப்பிகளில் மட்டுமே அதிகச் செறிவு கிடைக்கும்; அதுவும் மூடியைத் திறந்தவுடன் குறையத் தொடங்கும்.

மின்சாரக் கணக்கையும் பார்ப்போம். பாரடேயின் விதிப்படி 1.6 மில்லி கிராம் ஹைட்ரஜனுக்கு ஏறத்தாழ 153 கூலும் மின்னூட்டம் போதும். ஓர் ஆம்பியர் மின்னோட்டத்தை இரண்டரை நிமிடம் செலுத்துவதற்கு இது சமம். தோன்றும் வாயுவில் ஒரு பகுதி கரையாமலே குமிழியாக வெளியேறிவிடுவதால், கருவிகள் பத்து நிமிடமோ அதற்கு மேலோ ஓடுகின்றன. எப்படியாயினும் மின்கட்டணத்தில் இது பொருட்படுத்தத்தக்க செலவன்று. செலவெல்லாம் கருவியின் விலையில்தான்.

ஹைட்ரஜன் மூலக்கூறு மிகச் சிறியது. திறந்த டம்ளரில் ஊற்றி வைத்தால் சில மணி நேரத்தில் பெரும்பகுதி பறந்துவிடும். பிளாஸ்டிக் சுவரையும் அது மெல்ல ஊடுருவிச் செல்லும். ஜப்பான் நாட்டின் நுகர்வோர் மையம் 2016இல் கடைகளில் விற்ற ஹைட்ரஜன் நீரைச் சோதித்தபோது, பிளாஸ்டிக் புட்டியில் அடைக்கப்பட்ட சிலவற்றில் ஹைட்ரஜனே காணப்படவில்லை. ஆகவே காலையில் தயாரித்து மாலையில் குடிப்பவர் வெறும் தண்ணீரையே குடிக்கிறார்.

உடலுக்குள் என்ன நிகழ்கிறது?

இவ்வளவு ஆர்வத்துக்கும் வித்திட்டது 2007இல் 'நேச்சர் மெடிசின்' இதழில் ஜப்பானிய ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு கட்டுரை. உடலில் தோன்றும் ஹைட்ராக்சில் தனி உறுப்பு என்பது செல்களைத் தாக்கும் மிகக் கொடிய வினைப்பொருள். ஹைட்ரஜன் அதனைத் தேர்ந்தெடுத்து ஒடுக்குகிறது என்றும், மூளைக்கு இரத்த ஓட்டம் தடைப்பட்ட எலிகளில் சேதத்தைக் குறைத்தது என்றும் அவர்கள் கண்டனர். இது மதிக்கத்தக்க ஆய்வு. ஆனால் அந்த எலிகள் ஹைட்ரஜன் வாயுவைச் சுவாசித்தன. கூஜா நீரைக் குடிக்கவில்லை.

அதன்பின் மனிதரிடமும் சிறு ஆய்வுகள் நடந்தன. 2010இல் 20 பேரைக் கொண்டு நடந்த ஓர் ஆய்வில், எட்டு வாரம் நாள்தோறும் ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் ஹைட்ரஜன் நீர் குடித்தவர்களின் சில இரத்த அளவுகள் மேம்பட்டன. எனினும் வெறும் நீர் குடித்த ஒப்பீட்டுக் குழு அதில் இல்லை. 2013இல் நடுக்குவாத நோயாளிகள் 17 பேரிடம் நடந்த ஆய்வு நம்பிக்கையூட்டும் முடிவைத் தந்தது. அதே குழுவினர் நேர்மையுடன் அதனைப் பெரிய அளவில் மீண்டும் செய்து 2018இல் வெளியிட்டனர். இம்முறை 178 நோயாளிகள்; 72 வாரங்கள். ஹைட்ரஜன் நீர் குடித்தோருக்கும் வெறும் நீர் குடித்தோருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் தோன்றவில்லை.

அறிவியல் மாணவர்கள் மனத்தில் இருத்த வேண்டிய பாடம் இது. சிறு ஆய்வு ஒரு வினாவை எழுப்பும். பெரிய ஆய்வுதான் விடை தரும். விளம்பரங்கள் முதலாவதைப் பெரிய எழுத்தில் அச்சிட்டு, இரண்டாவதை மறந்துவிடுகின்றன.

இன்னொரு செய்தி வியப்புக்குரியது. நம் பெருங்குடலே ஓயாத ஒரு ஹைட்ரஜன் தொழிற்சாலை. மொச்சை, கொண்டைக்கடலை, உளுந்து போன்றவற்றில் செரிக்காமல் எஞ்சும் மாவுப்பொருள்களைக் குடலில் வாழும் நுண்ணுயிரிகள் புளிக்கச் செய்கின்றன. அப்போது ஹைட்ரஜன் வெளிப்படுகிறது. அது இரத்தத்தில் கலந்து மூச்சுக்காற்றிலும் வருவதால், மருத்துவமனைகளில் மூச்சிலுள்ள ஹைட்ரஜனை அளந்து பால் சர்க்கரை செரிக்கிறதா என்று கண்டறிகின்றனர். ஒரு சராசரி மனிதரின் குடலிலிருந்து நாளொன்றுக்கு அரை முதல் ஒன்றரை லிட்டர் வரை வாயு வெளியேறுகிறது. அதில் ஹைட்ரஜனுக்குக் கணிசமான பங்குண்டு. ஒரு லிட்டர் கூஜா நீர் தரும் 19 மில்லி லிட்டரை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மொச்சைக் குழம்பு சாப்பிட்டவர் வீட்டில் கூஜா இல்லாமலே ஹைட்ரஜன் கிடைக்கிறது!

கூஜா செய்யாதவை

இனி வீட்டுக்கு மிக இன்றியமையாத பகுதிக்கு வருவோம். ஹைட்ரஜன் நீர்க் கூஜா தண்ணீரைச் சுத்திகரிக்கும் கருவி அன்று. நீரில் ஒரு வாயுவைச் சேர்க்கிறதே தவிர, நீரிலிருந்து எதையும் அகற்றுவதில்லை. வயிற்றுப்போக்கையும் மஞ்சள் காமாலையையும் பரப்பும் கிருமிகள் அதில் சாவதில்லை. உப்பு குறைவதில்லை. ஃபுளூரைடு குறைவதில்லை. குடிநீருக்கான இந்தியத் தரநிர்ணயமாகிய ஐ.எஸ். 10500, ஃபுளூரைடு லிட்டருக்கு 1 மில்லி கிராமுக்குள் இருப்பதே விரும்பத்தக்கது என்றும், வேறு நீர் கிடைக்காத நிலையில் 1.5 வரை பொறுக்கலாம் என்றும் கூறுகிறது. அதற்கு மேற்பட்டால் பல்லும் எலும்பும் கெடும். அத்தகைய நீரைக் கூஜாவில் ஊற்றி எடுத்தால் ஃபுளூரைடும் ஹைட்ரஜனும் சேர்ந்த நீர் கிடைக்கும், அவ்வளவே.

குமிழிகள் எழுவதைக் கண்டு, தண்ணீர் தூய்மையாகிவிட்டது என்று ஒரு தாய் நம்பி, கொதிக்க வைப்பதை நிறுத்திவிட்டால், அந்த வீட்டுக் குழந்தைக்குத் தீங்கு செய்வது ஹைட்ரஜன் அன்று, அந்த நம்பிக்கைதான்.

நம் பாட்டிமார் இரவில் செம்புக் குடத்தில் நீர் வைத்ததையும் இங்கு எண்ணிப் பார்க்கலாம். செம்புப் பாத்திரத்தில் 16 மணி நேரம் வைத்த நீரில் நோய்க் கிருமிகள் அழிந்ததைப் பெங்களூர் ஆய்வாளர்கள் 2012இல் காட்டினர். கிருமியைப் பொறுத்தவரை பழைய செம்புக் குடத்துக்குள்ள ஆற்றல் கூட புதிய கூஜாவுக்கு இல்லை. ஆயினும் நீர் நன்கு கொதித்துப் பொங்கும் நிலையில் ஒரு நிமிடம் வைப்பதே எல்லா வீட்டிலும் செய்யக்கூடிய உறுதியான வழி. கொதிக்க வைப்பதும் உப்பையோ ஃபுளூரைடையோ நீக்காது என்பதை மட்டும் மறக்கலாகாது.

வாசலில் நடக்கும் ஒரு சோதனை

தண்ணீர்க் கருவி விற்பவர் சிலர் வீட்டு வாசலில் ஒரு வித்தை காட்டுவது வழக்கம். "அக்கா, நீங்க குடிக்கிற தண்ணியைக் கொஞ்சம் பாருங்க" என்று சொல்லி, வீட்டுத் தண்ணீர் ஒரு டம்ளரிலும் இயந்திரத்தில் வடித்த நீர் மற்றொரு டம்ளரிலும் வைத்து, இரண்டிலும் உலோகக் கம்பிகளை இறக்கி மின்சாரம் செலுத்துவார்கள். சிறிது நேரத்தில் வீட்டுத் தண்ணீர் சாக்கடைபோல் பழுப்பாகிவிடும். மற்றது தெளிவாகவே இருக்கும். பார்த்தவர் நெஞ்சு பதறும்.

இதன் உண்மை எளிது. கம்பிகளில் ஒன்று இரும்பு. நேர்மின்வாயாக அமையும்போது இரும்பு கரைந்து, துருவாகிய இரும்பு ஹைட்ராக்சைடாக மாறுகிறது. பழுப்பு நிறம் தண்ணீரில் இருந்த அழுக்கு அன்று. கம்பியிலிருந்து வந்த துரு. வீட்டுத் தண்ணீரில் இயல்பான உப்புகள் இருப்பதால் மின்சாரம் நன்கு பாய்கிறது. வடித்த நீரில் உப்பு மிகக் குறைவு; மின்சாரம் பாயாததால் துருவும் இல்லை. அந்தத் தெளிந்த டம்ளரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டு மறுபடியும் செய்து காட்டச் சொல்லுங்கள். அதுவும் பழுப்பாகும்!

ஹைட்ரஜன் நீருக்கும் சில சோதனைகள் காட்டுவதுண்டு. ஆக்சிஜனேற்ற ஒடுக்க மின்னழுத்தமானி எதிர்க்குறி காட்டினால் நீரில் ஹைட்ரஜன் இருக்கிறது என்று கொள்ளலாம். எவ்வளவு இருக்கிறது என்பதை அது சொல்லாது. மெத்திலீன் நீலக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக இட்டு, நிறம் மறையும் சொட்டுகளை எண்ணும் முறை அதைவிட நம்பத்தக்கது. இதற்கென விற்கப்படும் கரைசலில் நுண்ணிய பிளாட்டினம் வினையூக்கியாகச் சேர்க்கப்பட்டிருக்கும்.

நம் பகுதி கற்ற பாடம்

தண்ணீரைப் பற்றிய பெருங்கூற்று நம் பகுதிக்குப் புதிதன்று. 1996இல் இராஜபாளையத்துக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூரிலிருந்து, மூலிகையைக் கொண்டு தண்ணீரைப் பெட்ரோலாக்கலாம் என்ற செய்தி கிளம்பி நாடெங்கும் பரவியது. பெட்ரோல் என்பது கார்பனும் ஹைட்ரஜனும் சேர்ந்தது. தண்ணீரிலோ கார்பன் அணு ஒன்றுகூட இல்லை. ஒரு பிடி மூலிகை குடம் குடமான பெட்ரோலுக்கு வேண்டிய கார்பனை எங்கிருந்து தரும்? பொருளின் அழியாமை விதியைப் படித்த எவரும் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. அக்கேள்விக்கு விடை தேடாமல் பணத்தை இழந்தோர் பலர். அவ்வழக்கில் 2016இல் சென்னை நீதிமன்றம் சிறைத் தண்டனை விதித்தது.

ஹைட்ரஜன் கூஜாவை அதனோடு ஒன்றாக எண்ணுவது முறையன்று. கூஜா உண்மையிலேயே ஹைட்ரஜனைத் தருகிறது. அதில் மாயம் எதுவுமில்லை. ஆனால் "எங்கிருந்து, எவ்வளவு, எதனால்" என்ற மூன்று கேள்விகளை இரண்டிடத்தும் கேட்க வேண்டும். அங்கே முதல் கேள்வியிலேயே கூற்று விழுந்தது. இங்கே முதல் இரண்டுக்கும் தக்க விடை உண்டு. நோய் தீர்க்கும் என்ற மூன்றாவதில்தான் சான்று போதவில்லை.

வாங்கியவர் கவனத்துக்கு

வீட்டில் ஏற்கனவே கூஜா இருந்தால் அஞ்ச வேண்டியதில்லை. கரைந்த ஹைட்ரஜன் உடலுக்குத் தீங்கு செய்ததாகத் தெரியவில்லை. காற்றில் ஹைட்ரஜன் 4 விழுக்காட்டுக்கு மேல் சேர்ந்தால் தீப்பற்றும் என்றாலும், கூஜாவிலிருந்து வருவது மிகச் சிறிய அளவே. எனினும் எரியும் அடுப்பின் அருகே வைத்து ஓட்ட வேண்டாம். பயன்படுத்தும் முறையைச் சுருங்கக் கூறின்:

1. முதலில் நீரை வடிகட்டிக் கொதிக்க வைக்க வேண்டும். ஆறிய பிறகே கூஜாவில் ஊற்ற வேண்டும். கூஜா நீரைப் பின்னர் கொதிக்க வைத்தால் ஹைட்ரஜன் முழுவதும் போய்விடும்.

2. தயாரித்த நீரை உடனே குடிக்க வேண்டும். சேமித்து வைப்பதால் பயனில்லை.

3. உப்பு மிகுந்த நீரில் எதிர்மின்வாயின் மேல் வெள்ளைச் சுண்ணாம்புப் படிவு சேரும். வெந்நீர் அண்டாவின் அடியில் படிவதும் இதுவே. சிட்ரிக் அமிலமோ எலுமிச்சைச் சாறோ கலந்த நீரைச் சிறிது நேரம் ஊற்றிவைத்துக் கழுவினால் நீங்கும். சுரண்டினால் பிளாட்டினப் பூச்சு கெடும்.

4. பாத்திரத்தை நாள்தோறும் கழுவிக் காயவைக்க வேண்டும். தேங்கிய நீரில் கிருமி வளர்வதைக் குமிழி தடுக்காது.

5. மருத்துவர் தந்த மாத்திரையை இதனை நம்பி ஒரு வேளைகூட நிறுத்தலாகாது.

ஐந்தாவதையே நான் முதன்மையாகக் கருதுகிறேன். சர்க்கரை நோய்க்கும் இரத்தக் கொதிப்புக்கும் அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் மாத்திரைகள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. அவற்றின் பயன் பல்லாயிரம் நோயாளிகளிடம் சோதித்து நிறுவப்பட்டது. விலை கொடுத்து வாங்கியதால் கூஜாவை நம்பி, இலவசமாகக் கிடைத்ததால் மாத்திரையை அலட்சியம் செய்வது, விலையையே மதிப்பு என்று மயங்குவதாகும்.

முடிவுரை

ஹைட்ரஜன் நீர் பற்றிய ஆராய்ச்சி இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. நாளை ஏதேனும் ஒரு நோய்க்கு அது உதவும் என்று பெரிய ஆய்வொன்று நிறுவினால் மகிழ்ச்சியோடு ஏற்போம். இன்று ஒரு குடும்பத்திடம் தண்ணீருக்காகச் செலவிடச் சிறிது பணம் இருக்குமானால், முதலில் தம் கிணற்று நீரையோ குழாய் நீரையோ சோதித்தறியட்டும். அடுத்து மேல்நிலைத் தொட்டியைக் கழுவட்டும். அதன்பின் மூடியுள்ள நல்ல பாத்திரம் ஒன்று வாங்கட்டும். இவை முடிந்து மீதமிருந்தால் கூஜாவைப் பற்றி எண்ணலாம்.

இதில் மாணவர்களாகிய நமக்கும் பங்குண்டு. கடினத்தன்மை, குளோரைடு ஆகியவற்றைப் பருமனறி பகுப்பாய்வில் அளக்க ஆய்வகத்தில் பயில்கிறோம். அந்தக் கல்வி செய்முறைத் தேர்வோடு முடிந்துவிடலாமா? விடுமுறைக்கு ஊர் செல்லும் ஒவ்வொருவரும் தம் தெருக் கிணற்றிலிருந்து ஒரு புட்டி நீர் கொணர்ந்து, ஆசிரியர் துணையுடன் சோதித்து, முடிவை ஊராரிடம் எளிய தமிழில் சொன்னால், வாசலில் வரும் விற்பனையாளரின் பழுப்பு டம்ளரைக் கண்டு எவரும் பதறமாட்டார்கள். மகாராஜபுரத்தில் தொடங்கினாலும் சரி, ஸ்ரீவில்லிபுத்தூரில் தொடங்கினாலும் சரி. ஒரு பியூரெட்டும் ஒரு பிப்பெட்டும் போதும்.